காலிச் சங்கும் கல்லூரி இடமும்

அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி கடலூரில் இல்லை. சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் இருக்கிறது. 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. 2013-இல் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தை மாநில அரசு எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகும் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு ஐந்தரை லட்சத்தை ஒட்டியே நின்றது. 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கி, வாரக்கணக்கில் விடாமல் உட்கார்ந்தார்கள். 2021-இல் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியது. கட்டணம் மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளின் அளவுக்கு, 13,610 ரூபாய்க்கு இறங்கியது.

அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் போனால் பிச்சாவரம். வழியில் கிள்ளை. வெள்ளாறும் கொள்ளிடமும் கடலைத் தொடும் இடங்களுக்கு நடுவே விரிந்த சுரபுன்னைக் காட்டின் ஓரத்தில், இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் வீடுகள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி முப்பத்தைந்து வருடம் இருந்தும், அது எட்டும் தூரத்துக்கு வந்தது அந்த 2021-இல்தான். அங்கே 150 இடங்கள். அதில் ஒன்று கிள்ளை அரசுப் பள்ளியில் படித்த ஒரு பெண்ணுக்கு எப்படிப் போய்ச் சேரும்? நீட் எழுதினாள், மார்க் வந்தது, சீட் கிடைத்தது என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். மார்க்குக்கும் சீட்டுக்கும் நடுவே நடப்பது நம் காலத்தின் அழகான கணக்குகளில் ஒன்று. அது தெரியாததால் நஷ்டப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

முதலில் மதிப்பெண். நீட் தேர்வில் 180 கேள்விகள். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும், விட்டுவிட்டால் பூஜ்யம். ஆக உச்சம் 720, அடி −180. நடுவே 901 எண்கள் உண்டு என்றாலும் எல்லாவற்றையும் எடுக்க முடியாது. எல்லாம் சரியென்றால் 720. ஒன்றை விட்டால் 716, ஒன்று தப்பானால் 715. எனவே 719, 718, 717 என்ற மதிப்பெண்களே இந்த முறையில் கிடையாது. அதேபோல 714, 713, 709 மூன்றும் வராது. 2024-இல் சிலருக்கு 719-ம் 718-ம் வந்தபோது நாடே திடுக்கிட்டதற்கு இந்தச் சின்னக் கூட்டல் கழித்தல்தான் காரணம். நேரம் இழந்ததற்காகக் கருணை மதிப்பெண் கொடுத்தோம் என்று தேர்வு முகமை விளக்கியது. பிறகு அந்த 1,563 பேரின் கருணை மதிப்பெண் ரத்தானது.

ஆறு எண்கள் போக மிஞ்சுவது 895. அந்த ஆண்டு தேர்வு எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். இருபத்து மூன்று லட்சம் பேரை 895 பெட்டிகளில் போட்டால் ஒரு பெட்டிக்குச் சராசரியாக இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் வருவார்கள். உச்சியில் கூட்டம் குறைவு, நடுவில் நெரிசல் இன்னும் அதிகம். ஒரே மதிப்பெண்ணில் நிற்கும் ஆயிரக்கணக்கானவர்களை வரிசைப்படுத்த உயிரியல் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள், பிறகு வேதியியல், பிறகு இயற்பியல், பிறகு தவறான விடைகளின் விகிதம். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை 200-க்கு மாற்றிக் கட்-ஆஃப் பார்த்த காலத்தில், எல்லாம் சமமாக இருந்தால் கடைசியில் ரேண்டம் எண் முடிவு செய்யும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பத்து இலக்கத்தில் ஓர் எண்ணைக் கணினி கொடுக்கும். அந்த எண் வெளியாகும் நாளை விண்ணப்பித்த குடும்பத்தார் மறந்திருக்க மாட்டார்கள். தரவரிசையில் அடுத்தடுத்து நிற்கும் இருவருக்கு நடுவே அறிவில் எந்த வித்தியாசமும் இல்லாமல் இருக்கலாம் என்பதை அந்தப் பத்து இலக்கங்கள் வெளிப்படையாகச் சொல்லின. இப்போதைய முறையில் அது கொஞ்சம் மறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வரிசை வந்தாயிற்று. இனிக் கலந்தாய்வு. விண்ணப்பத்தின் முக்கியமான பகுதி இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். விருப்பக் கல்லூரிகளை வரிசையாக நிரப்பச் சொல்வார்கள். சாய்ஸ் ஃபில்லிங் என்றே எல்லோரும் சொல்கிறோம். பிரவுசிங் சென்டரில் இதை நிரப்பும்போது பக்கத்தில் நிற்பவர் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: “சென்னை மெடிக்கல் காலேஜை முதலில் போடாதே, உன் ரேங்குக்கு அது வராது. வீணாகிவிடும். கிடைக்கக்கூடியதை முதலில் போடு.” அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் முழுக்கத் தவறான யோசனை.

கணினி என்ன செய்கிறது? முதல் தரவரிசைக்காரரின் பட்டியலை எடுத்து, மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுக்கிறது. பிறகு இரண்டாமவர், மூன்றாமவர். நம் கிள்ளைப் பெண்ணின் முறை வரும்போதும் அதே வேலை. அவள் எழுதிய முதல் கல்லூரி நிரம்பியிருந்தால் இரண்டாவதைப் பார்க்கும், அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. மூன்றாவதாக எழுதிய இடத்தை, அதை முதலாவதாக எழுதிய பின்வரிசைக்காரர் யாரும் அவளிடமிருந்து தட்டிக்கொண்டு போக முடியாது. அவள் முறை முடிந்த பிறகுதான் அவர்கள் முறையே வரும். ஆசைப்பட்டதை உச்சியில் எழுதியதற்காக ஒரு புள்ளி நஷ்டமும் கிடையாது. பயந்து கீழே தள்ளினால்தான் நஷ்டம்: எதிர்பாராமல் அந்த இடம் காலியாக இருந்தாலும் அவளுக்கு வராது.

எல்லா ஊரிலும் கணக்கு இப்படி நேர்மையாக இருந்ததில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பள்ளிச் சேர்க்கைக்கு வேறொரு முறை இருந்தது. ஒரு பள்ளியை முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே முதலில் இடம். மிஞ்சினால்தான் இரண்டாம் விருப்பமாக எழுதியவர்களைப் பார்ப்பார்கள். அங்கே உண்மையான ஆசையை எழுதினால் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் இரண்டும் போய்விடும் ஆபத்து இருந்தது. சூட்சுமம் தெரிந்த பெற்றோர் கணக்குப் போட்டு எழுதினார்கள். தெரியாதவர்களின் பிள்ளைகள் யாரும் விரும்பாத பள்ளிக்குப் போனார்கள். பொருளியலாளர்கள் இதை எடுத்துக்காட்டிய பிறகு 2005-இல் பாஸ்டன் அந்த முறையைக் கைவிட்டது. நம் பிரவுசிங் சென்டர் யோசனை அந்த ஊருக்குப் பொருந்தியிருக்கும். இங்கே பொருந்தாது.

இந்தக் கணக்கின் ஆதிக் கட்டுரைக்குப் பெயரே ‘கல்லூரிச் சேர்க்கையும் திருமணங்களின் நிலைத்தன்மையும்’. டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரண்டு கணிதவியலாளர்கள் 1962-இல் எழுதியது. சில பக்கங்கள்தான், குறியீடுகள் ஏதுமின்றி, சாதாரண வாக்கியங்களிலேயே நிரூபணம் ஓடுகிறது. அவர்கள் கேட்ட கேள்வி இது: மாணவர்களுக்குக் கல்லூரிகள் மேல் விருப்பம் இருக்கிறது, கல்லூரிகளுக்கும் மாணவர்களில் முன்னுரிமை இருக்கிறது. எல்லோரையும் பொருத்தி முடித்த பிறகு, ‘எனக்கு அந்தக் கல்லூரி பிடிக்கும், அதுவும் இப்போது தன்னிடம் இருப்பவரைவிட என்னைத்தான் முன்னால் வைத்திருக்கிறது’ என்று ஒருவர்கூடச் சொல்ல முடியாதபடி அமைக்க முடியுமா? முடியும், எப்போதும் முடியும் என்பது விடை. வழி எளிது. மாணவர் தன் முதல் விருப்பத்தின் கதவைத் தட்டுகிறார். கல்லூரி அவரைத் தற்காலிகமாக வைத்துக்கொள்கிறது. முன்னுரிமையில் மேலே இருப்பவர் வந்து தட்டினால் இவர் விலகி அடுத்த கதவுக்குப் போகிறார். தட்டுவதற்கு ஆள் இல்லாமல் போகும்போதுதான் எல்லாம் உறுதியாகிறது. அமெரிக்காவில் மருத்துவம் முடித்தவர்களை மருத்துவமனைகளில் பயிற்சிக்கு அமர்த்தும் மைய ஏற்பாடு 1952 முதலே ஏறத்தாழ இதே வழியில் ஓடிக்கொண்டிருந்தது என்பதை ஆல்வின் ராத் 1984-இல் கண்டுபிடித்தார். ராத்துக்கும் ஷேப்லிக்கும் 2012-இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. கேல் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

எல்லாக் கல்லூரிகளும் ஒரே தரவரிசையை ஏற்றால் இந்த வழி நம் வரிசைமுறையாகவே சுருங்கிவிடும். தமிழ்நாட்டில் அப்படிச் சுருங்குவதில்லை. மாநில ஒதுக்கீட்டு இடங்களில் பொதுப்பிரிவு 31 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. ஒரே கல்லூரிக்குள் இத்தனை வாசல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. பொதுப்பிரிவு எல்லோருக்கும் பொது. எந்தச் சமூகத்தவரும் மதிப்பெண்ணால் அதில் நுழையலாம். நுழைந்தால் அவருடைய சமூக இடம் இன்னொருவருக்கு மிஞ்சும். 2020-இல் வந்த சட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு இடங்களை முன்னுரிமையாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். போனவர்கள் ஒற்றை இலக்கத்தில் இருந்தார்கள். சட்டம் வந்த ஆண்டே அது முந்நூறைத் தாண்டியது. அந்த 7.5-க்கு உள்ளேயும் சமூக ஒதுக்கீடு உண்டு. ஒரு வரிசை நேராக ஓட, இன்னொன்று குறுக்கே ஓடுகிறது.

குறுக்கே ஓடும் ஒதுக்கீட்டைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்பது நீதிமன்றங்களையே திணறடித்த கேள்வி. 1995-இல் உச்ச நீதிமன்றம் காட்டிய ஒரு வழிமுறையில், அதிக மதிப்பெண் பெற்ற ஒருவர் வெளியே நிற்க, குறைந்தவர் உள்ளே போகும் இடுக்கு இருந்தது. உத்தரப் பிரதேசக் காவலர் தேர்வு தொடர்பான வழக்கில் 2020 டிசம்பரில் அதே நீதிமன்றம் அந்த இடுக்கை அடைத்தது. தய்ஃபுன் சோன்மெஸ், புமின் யென்மெஸ் என்ற இரு பொருளியலாளர்கள் இந்த இந்தியக் கணக்கையே ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டார்கள். பாஸ்டனின் குறையை முதலில் எடுத்துக்காட்டிய இருவரில் ஒருவர் இந்த சோன்மெஸ்தான்.

இதுவரை சொன்னது ஒரு சுற்று. கலந்தாய்வு ஒரு சுற்றில் முடிவதில்லை. இந்த இடத்தில் நண்டுகள் உதவிக்கு வருகின்றன.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இன்னொரு பெருமை, வெள்ளாற்று முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டையில் இருக்கும் கடல் உயிரியல் மையம். அங்கே பணியாற்றிய அஜ்மல் கான், நடராஜன் இருவரும் இந்தக் கரையின் துறவி நண்டுகளைப் பற்றி 1984-இல் தனியே ஒரு நூல் வெளியிட்டார்கள். துறவி நண்டுக்கு முன்பாதிதான் ஓடு. பின்பாதி மெத்தென்று சுருண்ட சதை. அதைக் காக்க, செத்துப்போன நத்தையின் காலிச் சங்குக்குள் உடம்பைச் செருகிக்கொண்டு, சங்கோடு நடக்கிறது. நண்டு வளரும், சங்கு வளராது. வளர வளரப் பெரிய சங்கு தேடியாக வேண்டும். பிச்சாவரத்துச் சேற்றில் நீர் வடியும் நேரம் வேர்களுக்கு இடையே பொறுமையாகப் பார்த்தால், நத்தைச் சங்கு ஒன்று நத்தைக்குரிய நிதானம் இல்லாமல் விறுவிறென்று ஓடும்.

நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் கரையில் இவான் சேஸ் என்ற சமூகவியலாளர் ஒரு சோதனை செய்தார். காலிச் சங்கு ஒன்றைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் காத்திருந்தார். ஒரு நண்டு வந்து, தடவிப் பார்த்து, பிடித்துப்போய்ப் புதுச் சங்குக்குள் மாறிக்கொண்டது. அது விட்டுப்போன பழைய சங்குக்கு இன்னொரு நண்டு வந்தது. அது விட்டதற்கு இன்னொன்று. ஒரே ஒரு காலிச் சங்கு விழுந்ததில் இரண்டு மூன்று நண்டுகள் மேலான வீட்டுக்கு மாறின. 1988-இல் அவரும் கூட்டாளிகளும் இதை எழுதியபோது எடுத்தாண்ட கோட்பாடு மனிதர்களிடமிருந்து வந்தது. அமெரிக்கத் தேவாலயங்களில் பாதிரியார்கள் இடம் மாறுவதை ஆராய்ந்த ஹாரிசன் வைட் 1970-இல் ஒரு நூல் எழுதினார். ஆட்களைப் பின்தொடராதே, காலியிடத்தைப் பின்தொடர் என்பது அவர் சொன்ன வழி. ஆள் மேலே ஏறும்போதெல்லாம் காலியிடம் ஒரு படி கீழே இறங்குகிறது. இதற்குக் காலியிடச் சங்கிலி என்று பெயர். கரீபியப் பகுதியின் தரைவாழ் துறவி நண்டுகள் இன்னும் ஒரு படி மேலே போவதை ராண்டி ரோட்ஜன் குழுவினர் 2010-இல் பதிவுசெய்தார்கள். பெரியதிலிருந்து சிறியது வரை நண்டுகள் வரிசை கட்டி நிற்கின்றன. முன்னால் நிற்பது புதுச் சங்குக்குள் போன நொடியில் வரிசை முழுவதும் அடுத்தடுத்துச் சங்கு மாறிக்கொள்கிறது.

இரண்டாம் சுற்றுக் கலந்தாய்வில் நடப்பது இதுதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்ற ஒருவருக்கு மத்தியக் கலந்தாய்வில் புதுச்சேரி ஜிப்மர் கிடைக்கிறது என்று வையுங்கள். அவர் விட்ட இடத்துக்குச் செங்கல்பட்டில் சேர்ந்த ஒருவர் மாறுகிறார். செங்கல்பட்டுக்கு முண்டியம்பாக்கத்திலிருந்து ஒருவர். முண்டியம்பாக்கத்துக்கு அண்ணாமலை நகரிலிருந்து ஒருவர். அண்ணாமலை நகரில் காலியான இடம், முதல் சுற்றில் எதுவும் கிடைக்காமல் கிள்ளையில் காத்திருக்கும் பெண்ணுக்கு. ஜிப்மருக்குப் போனவருக்கும் இவளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒருவரை ஒருவர் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் அவர் நகர்ந்ததால் இவள் டாக்டராகிறாள். நடுவே மூன்று பேர் தங்களுக்குப் பிடித்த இடத்துக்குப் போய்விட்டார்கள், யாரும் எதையும் இழக்கவில்லை. சங்கிலி நீளமோ குட்டையோ, அதன் கடைசிக் கண்ணியில் எப்போதும் ஒரு புது மாணவர் உள்ளே வருகிறார். இந்தக் கணக்கை நினைத்து நான் வியக்காத ஆண்டு இல்லை.

சங்கிலி அறுவதும் உண்டு. இரண்டு இடங்களைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசிச் சுற்று முடிந்த பிறகு ஒன்றை விடுகிறவரால் ஒரு முழுச் சங்கிலியே தொடங்காமல் போகிறது. இதற்காகத்தான் தாமதமாக விலகுகிறவர்களுக்கு அபராதமும், அடுத்த சுற்றுக்குத் தடையும் வைத்திருக்கிறார்கள். கடுமையாகத் தெரிந்தாலும் தேவையான விதி அது. அரசுக் கல்லூரிகளின் 15 விழுக்காடு இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகின்றன. முன்பு நிரம்பாதவை மாநிலத்துக்குத் திரும்பிவந்து இங்குள்ள சங்கிலியில் சேர்ந்தன. 2021-இல் அந்த ஏற்பாடு மாறியது. வரிசை தவறி இடம் திறந்தாலும் அநீதிதான். முதுநிலைக் கலந்தாய்வு ஒன்றில் 146 புது இடங்கள் பிந்தைய சுற்று ஒன்றில் திடீரென்று சேர்ந்தன. முன்பே சேர்ந்துவிட்ட நல்ல ரேங்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் இருந்தவர்களுக்கு அவை போகவிருந்தன. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றையே ரத்து செய்தது. கேலும் ஷேப்லியும் 1962-இல் காகிதத்தில் தவிர்க்கச் சொன்ன நிலை அதுவேதான்.

கிள்ளைப் பக்கத்து இருளர் பழங்குடியினரின் குடியிருப்புகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு கவலை வருகிறது. பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. 150 இடமுள்ள கல்லூரியில் அகில இந்தியப் பங்கு போக மிஞ்சுவதில் அது ஏறத்தாழ ஒரே ஓர் இடம். மாநிலம் முழுவதும் சேர்த்தாலும் அந்த வரிசைக்குள் நகரும் காலியிடங்கள் குறைவு. சுற்றுகளில் திறக்கும் ஒவ்வொரு இடமும் அங்கே அரிது. அப்படி ஒன்று திறந்து, கணினி ஓர் இருளர் மாணவியின் பெயரை எடுக்கும் நாளில் அவள் கையில் சாதிச் சான்றிதழ் இருந்தாக வேண்டும். மற்றச் சமூகங்களுக்கு வட்டாட்சியர் அளவில் முடியும் இந்த வேலை, பழங்குடியினருக்கு மட்டும் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ விசாரித்துக் கையெழுத்திட வேண்டியது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சான்றிதழ் இல்லாத வீட்டில் அந்த விசாரணை லேசில் முடிவதில்லை. கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் தாய், அலுவலகத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அன்றைய கூலியை விட்டுத்தான் போகிறாள்.

கலந்தாய்வு அறிவிப்பு வந்த பிறகு இந்தச் சான்றிதழுக்கு ஓடினால் நேரம் போதாது. ஆறாம் வகுப்பில் பிள்ளை சேரும்போதே தலைமையாசிரியர் ஒருவர் பெற்றோரை இ-சேவை மையத்துக்கு அனுப்பி மனுப் போட வைத்தால், சிதம்பரம் கோட்ட அலுவலகத்து விசாரணைக்கு ஏழு ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான போனஃபைட் சான்றிதழையும் பள்ளி மாறும்போதெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். நீட் பயிற்சிக்குப் பிள்ளைகளைத் திரட்டும் ஆசிரியர்கள், முதல் நாள் வருகைப் பதிவோடு இந்த இரண்டு காகிதங்களையும் கேட்டுப் பார்க்கட்டும். இல்லாத பிள்ளைகளின் பெயர்களை அன்றைக்கே எழுதி, மறுநாள் அலுவலகத்துக்கு யாராவது ஒருவர் அவர்களோடு போகட்டும்.